இடது காலுக்கு ஒரு தொப்பி

பிப்ரவரி 3, திங்கள்

தலைக்கு எண்ணெய் வைக்காமல், நன்றாக அலசிவிட்டு வரும்படி மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். காலையில் என் வீட்டுக்காரரே சீயக்காய் போட்டு அலசிவிட்டார். டயர் கடையில் பஞ்சர் பார்க்கிற கை. தண்ணீரில் முக்கிய டியூபைப் போல என் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். கண்ணெல்லாம் எரிச்சல். ஆறு மாதமாகக் குளிப்பாட்டிவிடுகிற மனிதரிடம் என்னத்தைச் சொல்ல.

திருமங்கலத்திலிருந்து ஆட்டோவில் மதுரைக்குப் போனோம். மருத்துவமனையின் பின்பக்கம் ஒரு குளிர்ந்த அறை. பக்கவாதம் வந்து கால் சரியாக எழாதவர்களுக்கு அங்கே புது மாதிரி சிகிச்சை செய்து பார்க்கிறார்கள். தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்களாம். நான் இடது பாதத்தைத் தூக்க நினைத்தால் அது தொப்பிக்குத் தெரிந்துவிடுமாம். தெரிந்த உடனே முழங்காலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பட்டையில் கொஞ்சமாகக் கரண்ட் விடும், பாதம் எழும். வாரத்துக்கு மூன்று நாள் வர வேண்டும்.

பயிற்சி கொடுக்கப் போகிற பெண் பெயர் ஜெர்லின். நாகர்கோவில் பக்கம். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டாள். பதிலெல்லாம் அவர் சொன்னார். எப்போது வந்தது, எந்தப் பக்கம், ராத்திரி தூக்கம் எப்படி, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"அக்கா என்ன வேலை பாக்கிய?"

"ரேஷன் கடையில விற்பனையாளரா இருந்தா" என்றார்.

"இருக்கேன்" என்றேன். மருத்துவ விடுப்பு மார்ச் கடைசி வரைக்கும் இருக்கிறது. நான் சொன்னது ஜெர்லினுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அதற்குள் அவர் மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டியிருந்தார்.

பிப்ரவரி 5, புதன்

தொப்பி நீச்சல்காரர்கள் போடுவதைப் போல இருக்கிறது. அங்கங்கே ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசி இல்லாத சிரிஞ்சால் பசை வைத்தாள். சில்லென்று இருந்தது.

எதிரே திரை. சிவப்பு வந்தால் சும்மா இருக்க வேண்டும். பச்சை வந்தால் இடது பாதத்தைத் தூக்கப் பார்க்க வேண்டும். தூக்கப் பார்த்தேன். பாதம் செருப்புக் கடையில் விட்டுவந்த செருப்பு மாதிரி கிடந்தது. கரண்டும் வரவில்லை. மறுபடி பச்சை. மறுபடி ஒன்றும் இல்லை.

ரேஷன் கடையில் சில பெரியவர்களுக்குக் கைரேகை மிஷினில் ஏறாது. வேலை செய்து தேய்ந்த விரல். துடைத்துவிட்டு, ஈரப்படுத்திவிட்டு, வேறு விரலை வைத்துப் பார்த்தாலும் மிஷின் பொருந்தவில்லை என்றுதான் சொல்லும். "நான்தான் தாயி, நானேதான்" என்பார்கள். இத்தனை வருஷமாக மிஷினுக்கு இந்தப் பக்கம் இருந்து அதைக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

"அக்கா, பல்லைக் கடிக்காதிய. தாடை இறுகுனா அதோட இரைச்சல்தான் மிஷினுக்குப் பெருசாக் கேக்கும். காலைப் பத்தின நினைப்பு அதுக்குள்ள அமுங்கிப் போவும்."

"நான் கடிக்கலையேம்மா."

அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நல்லா நினை வல்லி. மனசை ஒருமுகமா வச்சு நினை" என்றார். நினைத்தேன். கடைசி வரை ஏறவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்றும் அதேதான். வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் என் நோய் வரலாறு முழுவதையும் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டு முடித்துவிட்டு ஆட்டோக்காரர், "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா" என்றார். உண்மைதான்.

அவர் வைத்த குழம்பில் உப்பே இல்லை. சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கடைக்குப் புது டயர் லோடு வந்ததால் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு உடனே அவர் கிளம்பிவிட்டார். "பத்திரம், பத்திரம்" என்று ஜெர்லினிடம் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

தொப்பி மாட்டினாள். பசை வைத்தாள். பச்சை வந்தது. தூக்கப் பார்த்தேன். கெண்டைக்கால் ஓரத்தில் எறும்புக் கூட்டம் ஓடுவதைப் போலச் சுருசுருவென்று ஏறியது. பாதம் எழுந்தது. ஆடி மாதம் கீழே விழுந்ததிலிருந்து தரையைப் பார்த்தே கிடந்த பாதம். விரல்கள் என்னைப் பார்த்தன.

அதன் பிறகு பெரும்பாலும் ஏறியது. ஒவ்வொரு தடவையும் என் நினைப்புக்கும் கரண்டுக்கும் நடுவில் ஒரு கண்சிமிட்டல் நேரம்தான்.

"மத்த இடத்துல காலுக்குக் கரண்ட் மட்டும் குடுப்பாவ. கால் தூங்கிட்டே எந்திரிக்கும். இதுல நீங்க உத்தரவு போடுத நேரமும் கால் எந்திரிக்க நேரமும் ஒண்ணா இருக்கணும். ரெண்டும் திரும்பத் திரும்பச் சந்திச்சா, மூளை பழைய வழிக்குப் பதிலா வேற வழி கண்டுபிடிக்கும்ணுதான் நம்புதோம்" என்றாள் ஜெர்லின்.

நேற்று நன்றாகத் தூங்கினேன். வெயிலும் குறைவு. அதனால்தான் ஏறியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று அவரும் அறையில் இருந்தார். பாதம் எழுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கைபேசியில் படம் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒசூரில் இருக்கும் பையனுக்கு அனுப்ப வேண்டுமாம். ஏறவே இல்லை. ஜெர்லின் திரையைப் பார்த்தாள், என் தாடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

இரவு சரியாகத் தூக்கமில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கைபேசி பக்கத்தில் இருந்தால் மிஷினுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, அதனால் கூட வந்தவர்கள் வெளியேதான் இருக்க வேண்டும் என்று ஜெர்லின் அவரிடம் சொன்னாள். "அணைச்சு வச்சிருக்கேனேம்மா" என்று எடுத்துக் காட்டினார். "அணைச்சிருந்தாலும்தான் சார்" என்றாள். அவள் பையில் அவளுடைய கைபேசி மினுக்கிக்கொண்டிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கதவின் கண்ணாடி வழியாக அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

இன்று நன்றாக ஏறியது.

பிப்ரவரி 26, புதன்

இன்று நடக்கவைத்தார்கள். தொப்பியோடு, இடுப்பில் சின்னப் பெட்டியைக் கட்டி, வெளியே நீண்ட வராந்தாவில். இடது கால் முன்னே போக வேண்டிய நேரத்தில் நான் நினைக்க வேண்டும். நினைத்தால் விரல் தரையில் இடறாமல் எழும். நினைக்க மறந்தால் இடறும். நடப்பதை இப்படி ஒவ்வொன்றாக யோசித்துச் செய்வது, ஒவ்வொரு அரிசியாக எடை போடுவதைப் போல இருக்கிறது. ஆனால் நடந்தேன்.

அவர் என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தார்.

"சார், கையை விடுங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன். அவிய சமநிலையை அவியளே பிடிக்கணும்."

"விழுந்துட்டா?"

"பெல்ட் போட்டிருக்கு. விழ விட மாட்டேன்."

"வீட்டுல விழுந்தா நீங்களா வருவீங்க?" குரல் பெரிதாகிவிட்டது. அங்கிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். "அன்னைக்குக் காலைல நான் கடைக்குப் போகும்போது நல்லா இருந்தா. மத்தியானம் சாப்பிட வர்றேன், வாசல் வரைக்கும் தண்ணி வந்து நிக்கிது. குழாய் தெறந்தபடியே கெடக்கு. பாத்ரூம்ல இவ கெடக்குறா. கண்ணு தெறந்திருக்கு. என்னைப் பாக்குறா. பேச வரலை. எம்புட்டு நேரமாக் கெடந்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எனக்கு அந்தத் தண்ணிச் சத்தம் இன்னும் கேக்குதும்மா."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை மாதத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. இன்றைக்கும் ஜெர்லினிடம்தான் சொன்னார்.

மார்ச் 2, ஞாயிறு

எங்கள் ரேஷன் கடையில் கட்டுநராக இருக்கும் பொன்னுத்தாய் வந்திருந்தாள். நான் பில் போட்டால் அவள் எடை போடுவாள், அப்படி எத்தனையோ வருஷம். இரண்டு கிலோ கத்திரிக்காய் கொண்டுவந்தாள். அவர் கடைக்குப் போயிருந்தார்.

சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நானே காப்பி போட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான நடக்குறீக? பெறகு ஏங்க்கா வேலை வேணாம்னு சொல்லிட்டீக?"

"யாரு சொன்னா?"

"அண்ணன்தான். பொங்கலுக்கு முன்னாடியே வந்து கூட்டுறவுச் சங்கச் செயலாளரைப் பாத்துச் சொல்லிட்டுப் போனாக. இனிமே வர மாட்டா, வேற ஆளைப் போட்டுக்கங்கன்னு. புதுசாப் போட்ட புள்ள இப்ப நம்ம கடையிலதான் நிக்கிது. உங்களுக்குத் தெரியாதா?"

காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள்.

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவர் வந்ததும் கத்திரிக்காய் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 3, திங்கள்

எதுவுமே ஏறவில்லை. அவர் வெளியேதான் இருந்தார்.

ஜெர்லின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "அக்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதிய. மிஷின்ல கோளாறு இல்ல. நீங்க வாய்க்குள்ள எதையோ பூட்டி வச்சிருக்கிய. சார் உள்ள இருந்தா தாடை இறுகும். இன்னைக்கு அவர் வெளிய இருந்தும் இறுகுது. மனசுல என்ன இருக்குண்ணு எனக்குச் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிருங்க. காலுக்கு அதுதான் நல்லது."

வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். எதிர்க் காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

"செயலாளர்கிட்ட என்ன சொன்னீங்க?"

பொத்தானில் கை நின்றது. "யாரு, பொன்னுத்தாய் வந்துச்சா?"

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். நாள் பூராம் நிக்கிற வேலை. சாக்கு கெடக்கும், சாமான் கெடக்கும், ஆளுக முண்டியடிப்பாக. உனக்கு என்ன தலையெழுத்தா? கடை வருமானத்துல நாம ரெண்டு பேரும் சாப்பிட முடியாதா?"

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா போவேன்னு சொல்லுவ."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டை பாதி பொத்தானோடு தொங்கியது. "வல்லி, அன்னைக்கு நான் வர இன்னும் கொஞ்சம் நேரமாகியிருந்தா..."

"அந்தக் குழாயை அன்னைக்கே அடைச்சாச்சுங்க. தண்ணியெல்லாம் காஞ்சு போச்சு. இன்னும் எம்புட்டு நாளைக்கு அதைக் கேட்டுக்கிட்டே என்னையக் கட்டிக் காப்பீங்க? வாயைத் தெறந்தா நீங்க பேசுறீங்க. எந்திரிச்சா நீங்க பிடிக்கிறீங்க. எனக்குப் போனது ஒரு காலு. மிச்சத்தையெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

இதை எங்கேயிருந்து சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் முன்னாலேயே செயலாளருக்குப் போன் போட்டேன். "உங்க வீட்டுக்காரர்தானம்மா சொன்னாரு" என்றார். "வேலையில இருக்கறது நான் சார். நான் ஒண்ணும் எழுதித் தரலையே" என்றேன். செயலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, விடுப்பு முடிந்ததும் டாக்டர் சான்றிதழோடு நேரில் வந்து நின்று வேலை பார்க்க முடிந்தால் எனக்குத்தான் கடை, முடியாவிட்டால் அந்தப் பெண்ணே இருக்கட்டும் என்றார்.

கோபம் இல்லை. குரல் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம். எதிர் வீட்டம்மா வேலையே இல்லாமல் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 5, புதன்

ஏறியது. அத்தனையும் ஏறியது.

மார்ச் 14, வெள்ளி

அவர் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறார். மாத்திரை போட்டாயா. ஆட்டோ வந்தாச்சு. சமையல் இப்போது பாதிக்கு மேல் என் கையில். உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன். டாக்டர் சொன்னது சொன்னதுதானே.

காலையில் சமையலறை மேடையோரம் நின்று பழகுகிறேன். குழம்பு கொதிக்கும் வரை உட்காருவதில்லை என்று வைத்திருக்கிறேன். முதலில் இடுப்பு கெஞ்சியது. இப்போது பருப்பு வேகும்வரை நிற்க முடிகிறது.

இன்று ஜெர்லின் தொப்பியையும் பெட்டியையும் எடுத்துவிட்டு, "இப்ப தூக்குங்க" என்றாள். தூக்க நினைத்தேன். பாதத்தின் முன்பக்கம் எழுந்தது. கரண்ட் விட்டால் எழும் உயரமில்லை. ஒரு விரல் தடிமன் இருக்கும். ஆனால் அது நானாகத் தூக்கியது.

"இது இன்னும் எவ்வளவு வரும்மா? உள்ளதைச் சொல்லு."

"கொஞ்சம் வரும். பழைய மாதிரி முழுசா வரும்ணு நான் சொல்ல மாட்டேன் அக்கா. சில பேருக்கு நல்லா வருது, சில பேருக்கு அவ்வளவா வரல. நாங்களே இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கோம். தூரமா நடக்கும்போது கணுக்காலுக்குப் பட்டை போட்டுக்கிடணும். சாய்ஞ்சுதான் நடப்பிய. ஆனா நடப்பிய."

சாய்ந்து நடந்தால் என்ன. அதற்காகத் தராசில் அரிசி சாய்ந்தா விழப்போகிறது?

மார்ச் 20, வியாழன்

விழுந்துவிட்டேன்.

காலையில் கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போனேன். அவர் கடையில். வாளியைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். இடது காலை நினைக்க மறந்துவிட்டேன். விரல் கல்லில் இடறியது. வலது பக்கமாக விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு.

கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கூப்பிட்டால் எதிர் வீட்டம்மா வருவாள். கூப்பிடவில்லை. ஜெர்லின் சொல்லிக்கொடுத்ததை வரிசையாக யோசித்தேன். வலப்பக்கம் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நல்ல முட்டியில் எழுந்து, துவைகல் வரை நகர்ந்து, அதைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஊன்றி. துவைகல்லைப் பிடித்து எழுந்து நின்றபோது சேலையெல்லாம் சேறு. மிச்சத் துணியையும் காயப்போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என்னிடம் சொல்லாமல் மறைத்ததற்காக நான் அவரைக் கேள்வி கேட்டிருக்கிறேன். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"இன்னைக்குக் கீழ விழுந்துட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்குப் போனார். அங்கேயே நின்றார். திட்டப்போகிறார், செயலாளருக்குப் போன் போடப்போகிறார் என்றெல்லாம் நினைத்தேன். திரும்பி வந்தார்.

"யாரு தூக்குனா?"

"யாரும் தூக்கலை. நானே எந்திரிச்சேன்."

"எப்படி?"

"காட்டவா?"

கூடத்தில் நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டு, மெதுவாகத் தரையில் படுத்தேன். அவர் பதறி முன்னால் வந்தார். "அங்கேயே நில்லுங்க" என்றேன். நின்றார். இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். ஒருக்களித்தேன். முழங்கை எரிந்தது. முட்டி போட்டேன். நகர்ந்தேன். நாற்காலியைப் பிடித்தேன். நடுவில் ஒரு தடவை இடது கால் வழுக்கியது. அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கை மட்டும் வெளியே வரவில்லை. எழுந்து நின்றேன்.

மூச்சு வாங்கியது, எனக்கும் அவருக்கும்.

"இன்னொரு தடவை காட்டு" என்றார்.

காட்டினேன். இந்தத் தடவை நான் தரையில் கிடக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பாத்ரூமில் பார்த்த முகம்தானே. எழுந்து நின்றதும் அவர் சட்டைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முழங்கைக்கு மருந்து போட்டியா?" என்றார்.

"நீங்க போட்டுவிடுங்க" என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

டாக்டர் நடக்கச் சொல்லிப் பார்த்தார், நிற்கச் சொல்லிப் பார்த்தார். நடுவில் உட்கார்ந்து எழ நாற்காலி கொடுத்தால் வேலை பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார். என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு நானே பதில் சொன்னேன். ஒரு மாத்திரையின் பெயர் வாயில் வரவில்லை. அவர் பக்கம் திரும்பினேன். நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

ஜெர்லினுக்கு ஒரு பெட்டி மிக்சர் வாங்கிக் கொடுத்தோம். இனி வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதுமாம்.

ஏப்ரல் 2, புதன்

கடையில் நல்ல கூட்டம். மாத ஆரம்பம். அந்தப் புதுப் பெண்ணைப் பக்கத்து வார்டுக் கடைக்கு மாற்றிவிட்டார்கள், அதில் எனக்கு நிம்மதி. பொன்னுத்தாய் எனக்கு ஒரு மர நாற்காலி போட்டு, மேலே சாக்கை மடித்து வைத்திருந்தாள். நின்றுதான் பில் போட்டேன், கால் சொன்னபோது உட்கார்ந்தேன். ஒரு அம்மா, "காலுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். பக்கவாதம் என்றேன். "என் மருமகனுக்கும்தான்" என்று ஆரம்பித்தாள். பாமாயில் தீர்ந்துவிட்டது, அதற்கு என்னைத் திட்டினார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு வேலைக்காகத் திட்டு வாங்கினேன்.

காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கடை வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றார் அவர். தெருமுனை போதும் என்றேன். சரி என்று முனையில் பைக்கை நிறுத்தி, நான் இறங்கும்வரை வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார். சோற்றுப் பையை என் தோளில் மாட்டிவிட்டார். நான் நடந்தேன். பாதித் தெருவில் கேபிள் பதிக்கத் தோண்டி மூடியிருந்த மண்மேடு. இடது விரல் அதில் தட்டியது. உடம்பு முன்னால் போய்த் திரும்ப நிலைக்கு வந்தது. அப்படியே நின்றேன்.

பின்னால் பைக் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போகவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வந்துவிடுவார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றோம். பிறகு வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. டயர் கடை இருக்கும் பக்கம் போனது. அது தேய்ந்து மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இடது காலைத் தூக்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.